விரல் தடுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லியவை. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் எந்த வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று மூக்குக்குத் தெரியும், எந்த வீட்டுப் பிள்ளை என்ன வாசிக்கிறது என்று காதுக்குத் தெரியும். என் மகள் கிரேடு 3 பியானோ தேர்வுக்குத் தயாரான மாதங்களில் எங்கள் மாடியில் எல்லாருக்கும் அவள் பாட்டின் முதல் எட்டு பார் மனப்பாடம். (ஸ்கோரில், அதாவது பாட்டின் சுரங்களை எழுதிய தாளில், இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் கட்டத்தைத்தான் பார் என்கிறோம்.) ஒன்பதாவது பாரில் விரல் தடுக்கும், கை நின்றுவிடும், ஒரு பெருமூச்சு, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. தினம் நாற்பது நிமிடம், மூன்று வாரம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு தடவை வாசிம்மா, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

ஒருநாள் ஸ்கோரின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் முதல் பாரை அவள் 26 தடவை வாசித்திருந்தாள், ஏற்கெனவே நன்றாக வரும் பாரை. ஒன்பதாவது பார் தப்பில்லாமல் வந்தது இரண்டே தடவை. மீதி இருபத்து நான்கு தடவையும் அவள் பழகிக்கொண்டது அந்தத் தடுக்கலை.

இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை, மூளை வேலை செய்யும் விதமே அப்படி. புதுப் பாட்டு படிக்கும்போது ஒவ்வொரு சுரத்தையும் யோசித்து யோசித்துத்தான் அழுத்துகிறோம், ஒரே நேரத்தில் மனசில் நாலைந்து விஷயத்துக்கு மேல் நிற்காது. திரும்ப வாசிக்க வாசிக்க, அடுத்தடுத்து வரும் சுரங்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். முதல் சுரத்தைத் தொட்டால் மற்ற ஐந்தும் தானாக வரும். பெருமூளையின் அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற பகுதிக்கு இப்படிக் கொத்து கட்டுவதில் பெரிய பங்கு. சிறுமூளை இன்னொரு வேலை பார்க்கிறது: விரல் எங்கே போயிருக்க வேண்டும், உண்மையில் எங்கே போனது என்று ஒப்பிட்டு அடுத்த அசைவைத் திருத்துகிறது. ஆனால் எது எதோடு அடிக்கடி சேர்ந்து வருகிறதோ அதுதான் கொத்தாகும். எட்டாவது பாரின் கடைசி சுரம், அதை அடுத்து ஒரு தயக்கம், அதை அடுத்து ஒரு நிறுத்தம் என்று இருபது தடவை வந்தால் தயக்கமும் கொத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரித்தெடுப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது. பியானோவை முதன்மைப் பாடமாகப் படிக்கும் 17 பேரிடம் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஒரு கான்செர்ட்டோவிலிருந்து (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) மூன்றே மூன்று பார் கொடுத்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயிற்சி செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் வாசிக்கச் சொல்லி வரிசைப்படுத்தினார்கள். அதிக நேரம் பயிற்சி செய்தவர்கள் முன்னே வரவில்லை, அதிகத் தடவை வாசித்தவர்களும் வரவில்லை. முதல் நாள் வாசித்ததில் எத்தனை பங்கு தப்பில்லாமல் இருந்தது என்பதுதான் மறுநாள் வாசிப்போடு பொருந்திப்போனது. முதலிடங்களைப் பிடித்தவர்களும் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே தப்பு செய்தார்கள். ஆனால் தப்பு வந்த நொடியில் அவர்கள் நடந்துகொண்ட விதம் வேறு: நின்றார்கள், எந்தச் சுரத்தில் எந்த விரலால் வந்தது என்று கண்டுபிடித்தார்கள், அந்தத் துண்டை மட்டும் வேகம் குறைத்துச் சரிசெய்து, அது நிலைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

நாங்களும் அதையே செய்தோம். மகளின் வலது கைக்குப் பக்கவாட்டில், பியானோ கட்டைகளின் உயரத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒன்பதாவது பாரில் சுரங்கள் வரிசையாக மேலே ஏறுகின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அதற்கப்புறம் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து நான்காவது சுரத்தைப் பிடிக்க வேண்டும். அவள் கட்டைவிரல் என்ன செய்தது தெரியுமா, நடுவிரல் வாசித்து முடிக்கும்வரை வெளியிலேயே சும்மா நின்றது. கடைசி நொடியில் உள்ளே பாயப் பார்க்கும்போது முழங்கை தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு வெட்டும், அந்த வெட்டில் விரல் பக்கத்துக் கட்டையில் விழும். காதுக்கு அது "நான்காவது சுரம் தப்பு". தப்பு பிறந்த இடமோ இரண்டு சுரத்துக்கு முன்னால். ஆள்காட்டி விரல் அழுத்தும்போதே கட்டைவிரல் அடியில் நகரத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. மூன்று வாரம் வராதது இரண்டு நாளில் வந்தது.

விரலைப் பற்றி இன்னொன்று. நம் விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசைகள் கிடையாது. வேலை செய்பவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள், விரலுக்கு வருவது தசைநார் மட்டும். புறங்கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் ஆகியவற்றின் நார்களைக் குறுக்கே இழுத்துப் பிணைக்கும் பட்டைகள் உண்டு. நடுவிரலை மடித்து உள்ளங்கையை மேசையில் வைத்துக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். ஆகவே நான்காம் விரல் சோம்பேறி என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமே இல்லை, அது பிறவிக் கட்டு. அந்தப் பிணைப்பை வலுக்கட்டாயமாக மீறப் பார்க்காமல், மணிக்கட்டைச் சற்று அந்தப் பக்கம் சாய்த்து விரலுக்குப் பின்னால் கையின் எடையைக் கொண்டுவருவதுதான் வழி. வலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, மெதுவாக வாசி என்று எல்லா டீச்சரும் சொல்கிறார்களே, ஏன்? எங்கள் பகுதியில் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலே விஷயம் விளங்கும். அதே தாளத்தில் முதல் காலம், இருமடங்காக இரண்டாம் காலம், அதற்கும் இருமடங்காக மூன்றாம் காலம். முதல் காலம் ஆடாமல் நின்றால்தான் அடுத்ததற்குப் போவார்கள். மெதுவாக வாசிக்கும்போது தப்பு நடப்பதற்கு முன்னாலேயே அது வருவது தெரிகிறது, திருத்த நேரம் இருக்கிறது, கை சரியான வழியையே பழகுகிறது.

ஆனால் மெதுவாக மட்டுமே வாசித்தால் வேகம் தானாக வராது. மெதுவில் ஒரு விரல் தன் வேலையை முடித்த பிறகு அடுத்தது கிளம்புகிறது. வேகத்தில் ஒரு விரல் அழுத்தும்போதே அடுத்த இரண்டு விரல்கள் வழியில் இருக்கும். அது வேறு அசைவு, அதையும் தனியாகப் பழக வேண்டும். நாங்கள் செய்வது இது: மூன்று நான்கு சுரம் மட்டும் முழு வேகத்தில், அப்புறம் கையை மடியில் வைத்துப் பத்து விநாடி சும்மா இருப்பது, மறுபடி அதே துண்டு.

அந்தப் பத்து விநாடி வீண் போகவில்லை. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலரை 4-1-3-2-4 என்ற வரிசையை இடது கையால் பத்து விநாடி தட்டச்சு செய்து, பத்து விநாடி ஓய்வெடுக்கச் சொல்லி அளந்தார்கள். ஆரம்பக் கட்டத்தில் வேகம் கூடியது பெரும்பாலும் அந்தச் சின்ன ஓய்வுகளில்தான். 2021-இல் வந்த தொடர் ஆய்வில், ஓய்வின்போது மூளை அதே வரிசையைச் சுமார் இருபது மடங்கு வேகத்தில் தனக்குள் ஓட்டிப் பார்ப்பது பதிவானது. பிள்ளை நடுவில் ஜன்னல் பக்கம் பார்த்தால் "கவனி, கவனி" என்று முன்பு நச்சரிப்பேன். இப்போது கொஞ்சம் விட்டுவிடுகிறேன்.

அடுத்தது, ஒரே விஷயத்தை அரை மணி நேரம் அரைப்பதா, மாற்றி மாற்றி வாசிப்பதா? 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனையில், சிறிய மரத் தடுப்புகளைக் கையால் வேகமாகத் தட்டிவிடும் மூன்று வரிசைகளைக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது, இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பயிற்சி நேரத்தில் முதல் குழுதான் நன்றாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். காரணம், மாறி மாறிச் செய்யும்போது ஒவ்வொரு முறையும் மூளை அந்த வரிசையை மறுபடி தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தேடல்தான் ஞாபகத்தை உறுதியாக்குகிறது. பெற்றோருக்கு இது கஷ்டமான உண்மை, கேட்க அழகாக இருக்கும் பயிற்சி மறுநாளைக்கு நிற்காமல் போகலாம். எங்கள் வீட்டில் இப்போது ஐந்து நிமிடம் ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏற்றி இறக்கும் பயிற்சி), ஐந்து நிமிடம் சிக்கலான பார், ஐந்து நிமிடம் இன்னொரு பாட்டு, மறுபடி அதே பார். புதிதாக ஒன்றைத் தொடங்கும் முதல் நாளில் மட்டும் கலப்பதில்லை, கை ஓரளவு வழி தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

இரவு ஒன்பதுக்கு மேல் வாசித்தால் பக்கத்து வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். எங்களிடம் இருப்பது பழைய அப்ரைட் பியானோ, ஹெட்போன் மாட்ட வழியில்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 1995-இல் அல்வரோ பஸ்குவல்-லியோனே என்ற நரம்பியல் ஆய்வாளர், பியானோவே தொடாதவர்களுக்கு ஒரு ஐந்து விரல் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். ஒரு குழு தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள் வாசித்தது. இன்னொரு குழு விரலை அசைக்காமல் வாசிப்பதாகக் கற்பனை மட்டும் செய்தது. விரல்களை இயக்கும் மூளைப் பகுதி இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி விரிந்தது. கற்பனைக் குழு ஐந்தாம் நாளில், உண்மையில் வாசித்தவர்களின் மூன்றாம் நாள் நிலையில் இருந்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு முறை பியானோவில் உட்கார்ந்ததும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. மகள் இப்போது சாப்பாட்டு மேசையில் ஸ்கோரை விரித்து, ஒவ்வொரு விரலையும் மனசுக்குள் நகர்த்திப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறாள். எந்த இடத்தில் மனசுக்குள்ளேயே தடுக்குகிறதோ, அந்த இடம் கைக்கும் சரியாகத் தெரியாது.

தூக்கத்தைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டாதீர்கள். தூக்கத்தை ஆராயும் மேத்யூ வாக்கர் குழுவின் 2002 ஆய்வில், விரல் தட்டும் வரிசை ஒன்றைக் கற்றவர்கள் பகல் முழுக்க விழித்திருந்தபோது பெரிதாக முன்னேறவில்லை. ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20% வேகமாகச் செய்தார்கள், அதுவும் தப்பு கூடாமல். அது கணினி விசைகளில் நடந்த சோதனை, பியானோவுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த வேண்டாம். ஆனாலும் முந்தின இரவு படாதபாடு படுத்திய பார் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் தொட்டதும் வழுக்கிக்கொண்டு வருவதை நாங்கள் பலமுறை பார்த்துவிட்டோம்.

நம் ஊர் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுங்கள். கோலாலம்பூர் காற்றில் பியானோவின் மரமும் ஃபெல்ட் என்ற கம்பளித் துணியும் உப்பிக்கொள்ளும், அழுத்திய கட்டை மெதுவாக எழும்பும் அல்லது சிக்கிக்கொள்ளும். ஒரு கட்டை சுமார் 10 மில்லிமீட்டர்தான் கீழே போகும், அது முழுதாக எழும்பாமல் அடுத்த அடி சரியாக விழாது. ஒரே சுரம் மட்டும் தொடர்ந்து விடுபட்டால், பிள்ளையைச் சொல்லும் முன் டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் டீச்சர் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்: பாட்டின் நடுவில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் எந்த பாரின் எண்ணைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்கிப் பழக வேண்டும். கொத்துக் கொத்தாகப் படித்த பாட்டில் ஒரு கண்ணி அறுந்தால் ஆரம்பத்துக்குத்தான் ஓடத் தோன்றும், நடுவிலும் நுழைவாசல்கள் இருந்தால் அடுத்த வாசலுக்குத் தாவிவிடலாம். நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே "பதினேழு" என்பேன், அவள் பதினேழிலிருந்து தொடங்குவாள். தேர்வறையில் பதின்மூன்றாவது பாரில் இடது கை தவறியபோது அவள் பதினேழுக்குத் தாவி முடித்துவிட்டு வந்தாள். இந்த வாரம் புதுப் பாட்டு. தகராறு ஆறாவது பாரில், இந்தத் தடவை சுண்டு விரல்.