தண்டுவடம் தேயாது

'தண்டுவடத் தேய்மானத்துக்கு நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரப் பலகையிலும் நாளிதழ் மருத்துவப் பக்கத்திலும் மாறி மாறி வருகிறது. தேய்வது முள்ளெலும்பும் அவற்றுக்கு இடையிலுள்ள வட்டும்தான் ('டிஸ்க்' என்கிறார்களே, அது). தண்டுவடம் நரம்புத் திசு. நசுங்கும், வீங்கும், அறுபடும், தேயாது.

முதுகுத்தண்டு எலும்புத் தொடர். 33 முள்ளெலும்புகளில் அடியில் உள்ளவை ஒட்டிப்போய், வளர்ந்தவர்களுக்கு 26 ஆகிவிடும். அந்தத் தண்டின் உட்குழாயில் இறங்கும் வடம், தண்டுவடம். வடம் என்றால் தேர்வடம் போலத் தடித்த கயிறு. லத்தீனில் இதற்கு 'முதுகெலும்பு மஜ்ஜை' என்று பொருள்படும் பெயர். எலும்பு மஜ்ஜையோடு குழப்பும் அந்த வம்பில் தமிழ் மாட்டவில்லை.

பிறகு ஏன் குழப்ப வேண்டும்? சிசேரியனுக்கு முன் 'முதுகுத்தண்டுல ஊசி போடுவோம்' என்றதும் வீட்டார் மிரள்கிறார்கள். தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம்தான், இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது அளவிலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்குக் கீழே, 3-4 அல்லது 4-5 இடைவெளியில். அங்கே திரவத்தில் மிதப்பவை குதிரைவால் எனப்படும் நரம்பு வேர்கள். ஊசி முனை பட்டால் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். 'கீழ்முதுகில் ஊசி' என்றால் பாதி பயம் போகும். விபத்துச் செய்தியில் வரும் 'முதுகுத்தண்டில் பலத்த அடி'யும் இப்படித்தான். எலும்பு மட்டும் முறிந்து வடம் தப்பியிருந்தால் ஆள் எழுந்து நடக்கலாம். வடமே அறுந்திருந்தால் அந்த மட்டத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லை. எது என்று நிருபர் எழுதுவதே இல்லை.

இதற்கு நடுவே தண்டுவடத்தை 'முதுகுநாண்' என்று ஒரு கூட்டம். ஆங்கிலத்தில் 'கார்டு' (cord) என்று கண்டால் நாண் என்று போட்டுவிடுவது. முதுகுநாண் என்பது நோட்டோகார்டு. கருவில் தோன்றும் தாங்குகோல், அதில் நரம்பே கிடையாது. நம் உடலில் அதன் மிச்சம் வட்டின் நடுக்கூழில் இருக்கிறது. பாடநூல்கள் முதுகுநாணிகள் என்று ஒரு விலங்குத் தொகுதிக்கே பெயர் சூட்டி எவ்வளவோ காலம் ஆகிறது. அதே சொல்லைத் தண்டுவடத்துக்கும் கொடுத்தால் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எதைப் படித்து எதை எழுதுவார்? தூய தமிழ் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. தண்டுவடம் மட்டும் என்ன, சீமைச் சரக்கா?

இலங்கையின் முண்ணாண் வேறு விஷயம். முள்ளந்தண்டு எலும்புக்கு, முண்ணாண் நரம்புக்கு என்று அங்கே கச்சிதமாகப் பிரித்துவிட்டார்கள். அங்கே அது இருக்கட்டும். முள்ளும் நாணும் சேர்ந்த புணர்ச்சியில் முள் கரைந்துபோனதால் தமிழ்நாட்டு நோயாளிக்குச் சொல் பிடிபடாது.

தண்டு என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. மூளைத்தண்டு எலும்பல்ல, முகுளம் உள்ளிட்ட நரம்புத் திசு. அது வேரூன்றிவிட்டது, இனி மாற்ற முடியாது.

ஆனால் வட்டை 'தண்டுவட ஜவ்வு' என்பதைப் பொறுக்க முடியவில்லை. ஜவ்வு என்றால் மெல்லிய படலம். தண்டுவடத்தைச் சுற்றி உண்மையிலேயே மூன்று உறைகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் அது பொருந்தும். நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கினால் நசுங்குவது நரம்பு வேர். தண்டுவடம் அதற்கு வெகு மேலேயே முடிந்துவிட்டது.