படுக்கையறைக் கதவுக்கு மேல் இரண்டடி

தாம்பரம் பக்கம் 20க்கு 40 அடி மனை. கிழக்குப் பார்த்தது, தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. கீழே ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு படுக்கையறை வேண்டும். "எல்லா அறைக்கும் பெரிய ஜன்னலாகப் போட்டுவிட்டால் காற்று வந்துவிடும்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வராது. ஜன்னல் காற்று நுழையும் வழி மட்டும்தான். வெளியேற வழியில்லாத அறைக்குள் அது சரியாக நுழைவதில்லை.

முதலில் பிளானை முடித்துவிடுவோம். முன்னால் 5 அடி, பின்னால் 4 அடி, வடக்கே 3 அடி சந்து விடுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் உள்ளாட்சி எவ்வளவு விடச் சொல்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 17க்கு 31, அதாவது 527 சதுர அடி. சுற்றுச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்ளளவு 15½க்கு 29½. ஆக 457 சதுர அடிதான். இரண்டு குளியலறை கட்டும் இடம் செங்கல்லுக்கே போய்விட்டது. உள்சுவர்களையாவது 4½ அங்குலத்தில் நிறுத்துங்கள்.

முன்பக்கம் முழு அகலத்துக்கு ஹால், ஆழம் 11 அடி. நடுவில், எப்படியும் ஜன்னல் வைக்க முடியாத தெற்குச் சுவரை ஒட்டி மாடிப்படி. அதையடுத்து 3 அடி நடை, வடக்கே சமையலறை. பின்பக்கம் தென்மேற்கில் 10 அடி 10 அங்குலத்துக்கு 8 அடி 1 அங்குலம் படுக்கையறை, வடமேற்கில் குளியலறை. சமையலறை, குளியலறை இரண்டின் குழாய்களும் வடக்குச் சந்திலேயே ஓடித் தெருவுக்குப் போகும். நாற்பதடிக்கு ஓரடி சரிவு என்றால் பின்பக்கத்திலிருந்து 36 அடி வருவதற்குள் குழாய் 11 அங்குலம் இறங்கியிருக்கும். வீட்டின் தரைமட்டத்தை முடிவுசெய்யும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கழிவுநீர் தேங்கும். குளியலறைக் கதவு படுக்கையறைக்குள் திறப்பது விருந்தினருக்குச் சங்கடம்தான். இந்த அளவு வீட்டில் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

படியின் கணக்கு இது. தரைக்குத் தரை 10 அடியை 18 ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 6⅔ அங்குலம். இரண்டு வரிசை, வரிசைக்கு 10 அங்குலத்தில் கால் வைக்கும் மிதி 8, 3 அடி திருப்பம் என நீளம் 9 அடி 8 அங்குலம் வரும். தளத்தின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தால் கடைசிப் படி மட்டும் உயர்ந்துபோய் ஆயுள் முழுக்க இடறும்.

இனி காற்று. தென்மேற்குப் படுக்கையறைக்கு மேற்கே ஒரே ஒரு ஜன்னல். 4க்கு 4 ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பெயருக்கு 16 சதுர அடி. ஆனால் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால்தான் போய் நிற்கும், திறப்பது 8 சதுர அடி. இரவில் அறைக்கதவைச் சாத்திவிட்டால் காற்றுக்கு மறுபக்க வழி கதவுக்கடியில் இருக்கும் அரை அங்குல இடுக்குதான். 3 அடி அகலத்துக்கு அது 0.125 சதுர அடி. உள்ளே வரும் காற்று அத்தனையும் இதன் வழியாகவே வெளியே போக வேண்டும்.

திறப்பைப் பாதியாக்கினால் அதே அளவு காற்று இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அழுத்தச் செலவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். எனவே அடுத்தடுத்து இரண்டு திறப்புகள் இருந்தால் பெரியது ஏறக்குறைய செல்லாக்காசு, சிறியதுதான் எஜமான். துல்லியமாகப் பார்க்க, இரண்டு பரப்பையும் பெருக்கி, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்து வகுத்தால் கிடைப்பது 'பயன்படு பரப்பு'.

போட்டுப் பார்ப்போம். 8 சதுர அடி ஜன்னலும் 0.125 சதுர அடி இடுக்கும் சேர்ந்தால் பயன்படு பரப்பு அந்த 0.125தான். கதவுக்கு மேல் 3க்கு 1 அடி வென்டிலேட்டர் வைத்தால் 2.8, அதாவது 22 மடங்கு. இதோடு திருப்தியில்லாமல் ஸ்லைடிங்கை எடுத்துவிட்டு முழுதும் திறக்கும் கீல் ஜன்னல் போட்டு 8ஐ 16 ஆக்குகிறீர்கள். பயன்படு பரப்பு 2.8லிருந்து 2.95 ஆகும், அவ்வளவுதான்! ஜன்னலை அப்படியே விட்டு, வென்டிலேட்டரை 3க்கு 2 ஆக்கிப் பாருங்கள். 8ம் 6ம், வர்க்கங்களின் கூட்டு 100, மூலம் 10, விடை 4.8. பள்ளிக்கூட பிதாகரஸ் முக்கோணம் கதவு நிலைக்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜன்னலுக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்கு இதற்குப் போதும். பழைய வீடுகள் பலவற்றில் கதவுக்கு மேல் இருந்த இந்தத் திறப்பை அழகுக்காகவும் ஏசிக்காகவும் எடுத்துவிட்டோம். லூவர் தகடு, அதாவது சாய்வாக அடுக்கிய பட்டைகள், திறப்பைக் குறைக்கும். கீல் வைத்த பலகையாகப் போட்டால் ஏசி ஓடும்போது சாத்திக்கொள்ளலாம்.

அறையை விட்டு வெளியேறிய காற்றை இழுப்பது மாடிப்படி. படி மொட்டைமாடிக்கு ஏறும் இடத்தில் நிற்கும் ஹெட்ரூமின் உச்சி, கீழ் ஜன்னலிலிருந்து சுமார் 7 மீட்டர் உயரம். இரவு வெளியே 30 டிகிரி, வீட்டுக்குள் 35 டிகிரி என்றால் உள்காற்று கன மீட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் இலேசு. இந்த எடை வித்தியாசம் 7 மீட்டர் உயரத்தில் 1.3 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. அற்பமாகத் தெரியும். ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று மேலான காற்று சுவரில் மோதினால் கிடைக்கும் அழுத்தமும் இதுதான். கடற்காற்று ஓய்ந்துபோன இரவில், மின்சாரம் இல்லாமல், படிக்கட்டு தானே மூச்சு விடுகிறது.

இதில் மிக அழகான இடம் நடுமட்டம். வீட்டின் ஏதோ ஓர் உயரத்தில் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகும். அதற்குக் கீழே உள்ள ஜன்னல்கள் காற்றை உள்ளிழுக்கும், மேலே உள்ளவை வெளியே தள்ளும். இந்த மட்டம் எப்போதும் பெரிய திறப்பை நோக்கி நகரும். ஹெட்ரூமில் பெயருக்கு ஒரு சின்ன ஓட்டை வைத்தால் மட்டம் கீழிறங்கி, மாடிப் படுக்கையறை ஜன்னல் அதற்கு மேலே போய்விடும். அப்புறம் கீழ்வீட்டின் புழுக்கமெல்லாம் மாடி அறை வழியாகத்தான் வெளியேறும். அங்கே படுப்பவர் கூரைச் சூட்டோடு அதையும் சுமக்க வேண்டும். ஹெட்ரூம் திறப்பைப் பெரிதாக்கினால் மட்டம் மாடி ஜன்னலுக்கு மேலே ஏறி, எல்லா அறைகளும் புதுக்காற்றை இழுக்கும்.

எனவே ஹெட்ரூமில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, தலா 4க்கு 2½ அடி திறப்பு, கூரையை ஒட்டி வையுங்கள். சென்னையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். தென்மேற்குப் பருவக்காலத்துக் காலைகளில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து. காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தை மட்டும் திறக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து ஓட்டத்தையே திருப்பிவிடும். மே மாத மதியத்தில் இரண்டையும் சாத்துங்கள். அப்போது உள்ளே 34, வெளியே 39 என்று இருக்கும். கனத்த உள்காற்று கீழ் ஜன்னல்கள் வழியே வழிந்தோட, மேலிருந்து அனல் இறங்கும். பலர் இங்கே அசையாத கண்ணாடி பதித்துவிடுகிறார்கள். வெயில் வரும், காற்று போகாது.

இழுவை நல்லதை மட்டும் இழுக்காது. தாளிப்பு மணம் மாடிக்கு ஏறும். தீப்பிடித்தால் புகையும் அதே படிக்கட்டில்தான் ஏறும், இறங்கும் வழியும் அதுதான். அதனால் இந்த பிளானில் திறந்த சமையலறை வேண்டாம், கதவு போடுங்கள். மாடி அறை ஜன்னல் கம்பிச் சட்டங்களில் ஒன்றாவது உள்ளிருந்து தாழ் நீக்கித் திறக்கும்படி இருக்கட்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படரும். மேலே எத்தனை வென்டிலேட்டர் இருந்தும் அதற்கு உதவாது, சந்துப் பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒரு திறப்பு வேண்டும்.

"சமையலறை அக்னி மூலையில் இல்லையே" என்று வாஸ்துப்படி கேட்பவர்கள் உண்டு. அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. கோயம்புத்தூரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும் மாதங்களில், தென்கிழக்குச் சமையலறையின் புகை வீட்டைத் தொடாமல் போய்விடும். அதே மூலை சென்னையில் கடற்காற்றின் வாசல். அடுப்புச் சூட்டைக் காற்றே வீடு முழுக்கப் பரிமாறும். ஊருக்கு ஊர் காற்று மாறும்போது மூலை மட்டும் மாறாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக் காற்றோட்டம் உட்படக் கட்டடங்களை ஆராய ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. அந்த அறிவைத் தமிழில் நாலு பக்கமாக அச்சிட்டு மேஸ்திரி கைக்குக் கொண்டுசேர்க்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் தேவலை.

கட்டியபின் சோதிக்க ஊதுபத்தி போதும். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, வென்டிலேட்டர் அருகே பிடியுங்கள். புகை நடைப்பக்கம் சாய வேண்டும். மாடி ஜன்னலில் புகை வெளியே போனால் ஹெட்ரூம் திறப்பு போதவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கதவுக்கு மேல் இரண்டடி சேர்ப்பது சுவரை உடைக்கும் வேலை. கதவுக்கு 7, வென்டிலேட்டருக்கு 2 என 9 அடி நிலையாகவே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். மேல்தளத்தின் அடிப்பக்கம் 9½ அடி உயரத்தில். நடுவில் மிஞ்சும் 6 அங்குலத்தில் லிண்டல், அதாவது நிலைக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம், அடங்கும். வழக்கப்படி 7 அடியில் லிண்டல் ஓட்ட மேஸ்திரி பலகை அடிப்பதற்கு முன் அந்த நிலை வந்து சேர வேண்டும்.