புரொப்ரியோசெப்ஷன்: நிலையுணர்வு

"நோகிறது கழுத்து, என்னத்துக்கு என்னை ஒற்றைக் காலில நிக்கச் சொல்லுறியள்?"

கழுத்து நோவோடு இயன் மருத்துவப் பிரிவுக்குப் போய், சமநிலைப் பயிற்சி எழுதிய அட்டையோடு திரும்பும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். கிளிநொச்சியில் நாள் முழுக்கக் குனிந்து தையல் மெசினில் இருக்கும் பிள்ளைக்கும் வரும், ஏ9 வீதியில் பின்னால் வந்த வாகனம் இடித்துக் கழுத்து வெட்டியிழுத்தவருக்கும் வரும். புரொப்ரியோசெப்ஷன் என்ற சொல்லை விளங்கிக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

தலை, கை, கால் எந்தப் பக்கம் திரும்பி, எவ்வளவு மடங்கி இருக்கின்றன என்பதைப் பார்க்காமலே அறியும் உணர்வுதான் அது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிவது இதனால்தான். இந்த உணர்வுக்கான பெயரை ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906 இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1932 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இலத்தீனில் 'புரொப்ரியஸ்' என்றால் தனக்குரியது. பின்பகுதி 'எடுத்துக்கொள்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஒளியும் ஒலியும் வெளியிலிருந்து வருபவை. இதுவோ உடல் தன் அசைவாலேயே எழுப்பி, தானே பெற்றுக்கொள்ளும் செய்தி.

செய்தியை எழுப்பும் உறுப்புகளில் முக்கியமானது தசைக்கதிர். கதிர் என்றதும் நமக்கு நெல்தான் நினைவுக்கு வரும். இது நூல் நூற்கும் கதிர், நடு பருத்து முனை ஒடுங்கிய வடிவம். தசை எவ்வளவு இழுபடுகிறது என்பதை இது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிடரிக்குக் கீழே, மண்டையோட்டை ஒட்டியிருக்கும் சின்னத் தசைகளில் இவை மிக நெருக்கமாக உள்ளன. கழுத்து தரும் செய்தியையும், கண்ணும் உட்காதும் தரும் செய்திகளையும் சேர்த்துப் பார்த்தே உடம்பை எப்படி நிமிர்த்தி வைப்பது என்று மூளை தீர்மானிக்கிறது. நோவால் கழுத்துத் தசைகளின் வேலை குழம்பினால் அவை அனுப்பும் செய்தியும் பிசகும், கண் சொல்வதோடு ஒத்துப்போகாது. அப்போதுதான் தலை அம்மினதுபோலவும் நடை தள்ளாடுவதுபோலவும் இருக்கும். நோவில்லாதவரின் பிடரித் தசையில் அதிர்வுக் கருவியை வைத்து இந்தச் செய்தியைக் குழப்பினாலும் அவர் உடல் சாய்ந்தாடும். கழுத்து நோவுள்ளவர் மைமல் பொழுதில் வரம்பில் நடந்தால் இந்தத் தள்ளாட்டம் இன்னும் தெரியும். இருட்டில் கண்ணின் உதவி குறைய, பாரம் முழுதும் மற்ற இரண்டின் தலையில் விழுகிறது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சுவரிலிருந்து 90 சென்ரிமீற்றர் தள்ளிக் கதிரையில் இருத்தி, தலையில் லேசர் விளக்கைக் கட்டுவார்கள். கண்ணை மூடித் தலையைத் திருப்பி, மறுபடி நேராக்க வேண்டும். ஒளிப்புள்ளி தொடங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர், அதாவது 4.5 பாகைக்கு மேல் விலகினால் உணர்வு பிசகியிருக்கிறது என்று கொள்வது வழக்கம். பயிற்சிகளும் இதே வழியில்தான் போகின்றன: பெருவிரலில் கண்ணை நிறுத்தித் தலையை மட்டும் திருப்புதல், படுத்தபடி நாடியை மெல்ல உள்ளிழுத்து ஆழ்தசைகளை வேலைவாங்குதல், ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து நிற்றல். பயிற்சிக்குப் பிறகு லேசர் விலகல் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நிற்கும் சமநிலை எவ்வளவு திருந்தும் என்பதில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தன்னுணர்வு' என்றால் தன்னைப்பற்றிய மனப்பிரக்ஞை என்று ஆகிவிடுகிறது. 'தசையுணர்வு' மூட்டுகளை விட்டுவிடுகிறது. 'நிலையுணர்வு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நில் என்ற வேரிலிருந்து வந்த நிலை, இருக்கும் விதத்தையும் விழாமல் நிற்பதையும் ஒருசேரக் குறிக்கும். நிலைதடுமாறினார், நிலைகுலைந்தார் என்று நாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். அட்டையிலுள்ள 'சமநிலை' இதனால் கிடைக்கும் பலன். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. 'பாலன்ஸ்' என்று எழுதுவதிலும் பயனில்லை: இரண்டு தட்டுள்ள தராசைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது அது, இங்கே பஸ்ஸில் மிச்சக் காசுக்குத்தான் அதைக் கேட்கிறோம்.

நோயாளிக்குச் சொல்லும்போது கலைச்சொல்லே வேண்டாம். "கண்ணை மூடினாலும் தலை எங்க நிக்குது எண்டு கழுத்துக்குத் தெரியோணும், அம்மா. அதைத்தான் பழக்கிறம்" என்றால் போதும். ஆனால் தலைச்சுற்றோடு பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் பலமிழந்தாலோ அது நிலையுணர்வுக் குறை என்று இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.