இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள்? முதியோர் பராமரிப்பு இல்லங்களை ஒப்பிடும் முன்

அப்பாவுக்குப் பக்கவாதம், அல்லது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. டிஸ்சார்ஜ் தேதி சொல்லியாகிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஓரிரு நாளில் ஒரு பராமரிப்பு இல்லத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். முதியோர் வார்டில் செவிலியராக இருக்கும் நான், இப்படித் தவிக்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஊரிலுள்ள நாலைந்து இல்லங்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, "இதில் எது நல்லது, சொல்லுங்கள் சிஸ்டர்" என்பார்கள். போனில் படங்களும் வைத்திருப்பார்கள். தோட்டம், பளபளக்கும் தரை, ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி.

அந்தப் படங்களில் தெரியாத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்கச் சொல்வேன். இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் விழித்திருந்து வேலை பார்ப்பார்கள்? அவர்களில் முறையாகப் படித்த செவிலியர் எத்தனை பேர்? வார விடுமுறை நாட்களிலும் அதே எண்ணிக்கை இருக்குமா? கட்டணம், அறையின் அளவு, டிவி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஓர் இல்லத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள், அவர்களில் பன்னிரண்டு பேரால் தாங்களாகப் புரண்டு படுக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். அவர்களை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். டயாபர் நனைந்திருந்தால் மாற்றி, தோலைத் துடைத்து, தலையணை வைத்துச் சரிசெய்ய எப்படியும் பத்து நிமிடம் ஆகிவிடும். பன்னிரண்டு பேருக்கும் முடிக்க இரண்டு மணி நேரம். முடித்த கையோடு அடுத்த சுற்று தொடங்க வேண்டும். இடையில் ஒருவர் கழிப்பறைக்குப் போகக் கூப்பிட்டால், இன்னொருவருக்கு மூச்சு வாங்கினால், யார் போவது? இரவில் இரண்டே உதவியாளர்கள் என்றால் அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ஏதோ ஒன்று விட்டுப்போகும். அப்படி விட்டுப்போவது பெரும்பாலும் வாய் திறந்து கேட்க முடியாதவருக்குச் செய்ய வேண்டிய வேலையாகத்தான் இருக்கிறது.

படுக்கைப் புண் அப்படித்தான் வருகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோலும் சதையும் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, அந்த இடம் உயிரிழந்துபோகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகியவைதான் அதிகம் பாதிக்கப்படும். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் அங்கே ரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் பாதிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, ஊதா நிறம் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வசதியான ஓர் இல்லத்திலிருந்து காய்ச்சலுடன் எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியவில்லை. தலை வாரிப் பின்னியிருந்தது, உடை துவைத்துத் தேய்த்தது, கைநகம்கூட வெட்டியிருந்தது. காலுறையைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் நாணய அகலத்துக்குக் கறுத்த தோல். வாராவாரம் தவறாமல் போய்ப் பார்த்த மகன் அப்படியே உடைந்துபோனார். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார், எல்லாரும் செய்வதுபோல. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்திருந்தாலே இது வந்திருக்காது. அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பார்க்க ஓர் ஆளும், அவருக்கு நேரமும் வேண்டும்.

சரி, இதையெல்லாம் வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

சில நாடுகளில் அரசே இந்த விவரங்களை வெளியிடுகிறது. அமெரிக்காவில் 1998 முதல் பராமரிப்பு இல்லங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. 2008இல் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் முறை வந்தது. அதிகாரிகள் நேரில் வந்து சோதிக்கும் ஆய்வின் அறிக்கை, பணியாளர் எண்ணிக்கை, தரக் குறியீடுகள் (படுக்கைப் புண், கீழே விழுதல் போன்றவற்றின் அளவு) என்று மூன்றையும் சேர்த்து மொத்த நட்சத்திரம் போடுகிறார்கள். இங்கிலாந்தில் பாதுகாப்பு, பலன், பரிவு, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என்ற ஐந்து கேள்விகளை வைத்து நான்கு படிநிலைகளில் தரம் பிரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2022 டிசம்பரில் நட்சத்திர முறை தொடங்கியது. அங்கே 2024 அக்டோபர் முதல் ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற செவிலியருடையது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அழகான அறைக்கு இலக்கு வைக்காமல் ஆள் செலவிடும் நிமிடத்துக்கு வைத்திருக்கிறார்களே, அதுதான் சரியான அளவுகோல் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் மொத்த நட்சத்திரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அமெரிக்க முறையில் ஆய்வுக்கான நட்சத்திரம் அந்தந்த மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவது. ஆகவே ஒரே நகரத்தின் இல்லங்களை அதை வைத்து ஒப்பிடலாம், வேறு மாநிலத்து இல்லத்தோடு ஒப்பிட முடியாது. தரக் குறியீடுகளில் கணிசமான பகுதி இல்லங்கள் தாங்களே எழுதிக் கொடுக்கும் விவரம். பணியாளர் எண்ணிக்கை அப்படியல்ல, சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது, அதனால் அதற்கு நம்பகம் அதிகம். 2022 முதல் வார இறுதியில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் வெளியிடுகிறார்கள். நான் பார்த்தால் முதலில் அந்த இரண்டு எண்களைத்தான் பார்ப்பேன். பழகிய உதவியாளருக்குத்தான் இன்றைக்கு இவர் வழக்கத்தைவிடச் சோர்ந்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரியும்.

இப்படிப் பொதுவில் எதுவும் கிடைக்காத ஊரில், உரிமச் சான்றையும் கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையையும் நேரில் கேளுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டும் இல்லத்தின் மீது எனக்கு மதிப்பு கூடும், அறிக்கையில் நாலு குறை எழுதியிருந்தாலும்கூட.

எண்களைப் படிப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். மிகவும் முடியாதவர்களையும் மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் இல்லத்தில் புண்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். அவர்களில் பலர் மருத்துவமனையிலிருந்தே புண்ணோடு வந்திருப்பார்கள். "இங்கே வந்த பிறகு எத்தனை பேருக்குப் புதிதாகப் புண் வந்தது? அவை ஆறினவா?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

"எங்களிடம் இதுவரை யாருமே கீழே விழுந்ததில்லை" என்று சொல்லும் இல்லத்தில் அடுத்த கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இங்கே எத்தனை பேர் எழுந்து நடக்கிறார்கள்? முதியவர்கள் நடந்தால் சில சமயம் விழத்தான் செய்வார்கள். விழவே கூடாது என்று நாற்காலியோடு கட்டி வைத்தால் ஒரு சில வாரங்களிலேயே கால் தசை வற்றி, நடையே போய்விடும். கட்டிலின் பக்கத் தடுப்பும் முழுப் பாதுகாப்பு அல்ல. குழப்பத்தில் இருப்பவர் அதன் மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். இடுக்கில் மாட்டிக்கொள்வதும் உண்டு. தாழ்வான கட்டில், வழுக்காத செருப்பு, இரவு விளக்கு, நேரத்துக்குக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, இவைதான் உண்மையில் உதவுபவை.

கயிற்றால் கட்டாமல் மருந்தால் கட்டிப்போடுவதும் நடக்கிறது. டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பவர் சத்தம் போட்டால், அலைந்தால், மனநோய்க்கான மருந்தைக் கொடுத்து அடக்கிவிடுவது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகையில் புதிய தலைமுறை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னது. சிலருக்கு இந்த மருந்து உண்மையாகவே தேவைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்கள், எந்த மருத்துவர் எழுதினார், குறைத்துப் பார்க்க முயன்றார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சத்தம் போட்டவருக்கு வலி இருந்ததா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா என்று முதலில் தேடிப் பார்த்திருக்கிறார்களா? பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் கவலைப்படுங்கள்.

நேரில் பார்க்க இரண்டு முறையாவது போங்கள். ஒரு முறை சொல்லிவிட்டு, மறுமுறை சொல்லாமல், சாயங்காலத்துக்கு மேல். சாப்பாட்டு வேளையாக இருந்தால் இன்னும் நல்லது. ஊட்டிவிடுபவர் நின்றுகொண்டு அவசரமாகக் கரண்டியை நீட்டுகிறாரா, உட்கார்ந்து, விழுங்கும் வரை காத்திருக்கிறாரா? சாப்பிடுபவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? பக்கவாதம் வந்தவருக்குச் சாய்ந்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். விழுங்கச் சிரமப்படுபவர் ஒருவருக்கு நிதானமாக ஊட்ட அரை மணி நேரம் பிடிக்கலாம். மறுபடியும் அந்த ஆள் கணக்குதான்.

அறைக்குள் போனால் காலிங் பெல்லின் வயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் இடத்திலா, கட்டில் கம்பியில் சுற்றித் தலைக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறார்களா? தண்ணீர் எட்டுகிறதா? பக்கவாதத்தில் வலக்கை போனவருக்கு வலப்பக்கம் தண்ணீர் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அறையில் வாடை வந்தால் யாருக்கோ இப்போதுதான் டயாபர் மாற்றுகிறார்கள் என்று விட்டுவிடலாம். வராந்தா முழுக்க, போகும்போதெல்லாம் வாடை என்றால் விஷயம் வேறு. அப்புறம், மேலாளரோடு மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். துடைத்துக்கொண்டிருக்கும் அக்காவிடம், மருந்து கொடுக்கும் பெண்ணிடம், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று சும்மா கேளுங்கள். மூன்றாவது கட்டிலில் இருக்கும் தாத்தா முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் அந்த இடத்தில் மனிதர்களை மனிதர்களாக அறிந்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் கூடுதல் கட்டணங்கள், எந்த நிலையில் "எங்களால் முடியாது, கூட்டிப் போங்கள்" என்பார்கள், நள்ளிரவில் உடம்பு முடியாமல் போனால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு இல்லங்கள் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருந்தால், உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பதையே எடுங்கள் என்பேன். கொஞ்சம் சுமாரான அறையாக இருந்தாலும் பரவாயில்லை. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் இல்லத்துக்கு நீங்கள் மாதம் ஒருமுறை போவீர்கள். பக்கத்துத் தெரு என்றால் வேலை முடிந்து வரும் வழியில், நேரம் காலம் இல்லாமல் எட்டிப் பார்ப்பீர்கள். அடிக்கடி ஆள் வந்து போகும் முதியவரைப் பணியாளர்களும் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள். அப்படி இருக்கக் கூடாதுதான், ஆனால் இருக்கிறது.

சேர்க்கும் நாளன்றே செவிலியரை உடன் வைத்துக்கொண்டு தலை முதல் குதிகால் வரை தோலைப் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். எடையையும் போட்டு எழுதுங்கள். மருந்துப் பட்டியலில் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். எடையை மாதாமாதம் கேளுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து சதவீதமோ ஆறு மாதத்தில் பத்து சதவீதமோ குறைந்தால் அது வயதானதால் வந்த மெலிவு என்று ஒப்புக்கொண்டு வந்துவிடாமல், சாப்பாடு எப்படிப் போகிறது, பல்செட் பொருந்துகிறதா, ஊட்டிவிட ஆள் இருக்கிறதா என்று அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். கிளம்பும்முன் காலுறையைக் கழற்றிக் குதிகாலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.