தாய்ப்பாலின் கொழுப்பும் உடலில் தங்கும் உலோகங்களும்

தாய்ப்பால் தரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. தாய் சாப்பிடுவது, உடலில் முன்பே சேர்ந்திருப்பது, பால் சுரப்பிகள் தாமே செய்துகொள்வது என்று அதற்கு மூன்று வழிகள். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற ஒமேகா-3 அமிலம் பெரும்பாலும் முதல் இரண்டு வழிகளில்தான் வந்தாக வேண்டும். தாவர எண்ணெயில் உள்ள ஒமேகா-3ஐ உடல் டிஎச்ஏவாக மாற்றும்தான், ஆனால் சொற்பமாக. பாலின் கொழுப்பு அமிலங்களில் டிஎச்ஏவின் உலகச் சராசரி சுமார் 0.3 சதவீதம், தாயின் உணவைப் பொறுத்து இது வெகுவாக ஏறி இறங்கும்.

டிஎச்ஏவில் 22 கார்பன் அணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் உண்டு. அந்தப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜனைப் பிடுங்குவது எளிது. பிடுங்கப்பட்ட மூலக்கூறு தானும் கெட்டு, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். எண்ணெய் காறிப்போவதும் இதே வேதிவினைதான். உடலில் இதைத் தடுப்பவற்றுள் முக்கியமானது குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு. பாதரசம், ஈயம், காட்மியம் மூன்றும் அதிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதை முடக்கிவிடுகின்றன.

சரி, அப்படியானால் உலோகம் கூடினால் டிஎச்ஏ குறைய வேண்டுமே? பாதரசத்தில் பல சமயம் நேர்மாறாகத் தெரியும். பாதரசத்தின் ஒரு வடிவமான மெத்தில் பாதரசம் வருவது மீனிலிருந்து, டிஎச்ஏவும் அங்கிருந்தே. மீன் நிறையச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறும். உணவைக் கேட்காமல் உலோகத்தை மட்டும் அளந்தால், பாதரசம் நல்லது என்ற கோணல் முடிவுக்குக்கூட வந்துவிடலாம்! அதற்காக மீனையே ஒதுக்குவது அவசரம் என்பேன். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில்தான் பாதரசம் குவிகிறது. மத்தி மீனில் அது குறைவு, ஒமேகா-3 தாராளம்.

ஈயத்துக்கு இன்றைய சாப்பாடு மட்டும் கணக்கில்லை. பெரியவர்களின் உடலில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் உறைந்திருக்கிறது. பாலுக்குக் கால்சியம் கொடுக்க எலும்பு கரையும்போது, பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஈயமும் ரத்தத்துக்கு வரும். உணவில் கால்சியம் போதுமானதாக இருந்தால் இது குறைகிறது. பாலுக்குள் போகும் ஈயம் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு என்பதால், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது அபூர்வம்.

காட்மியம் புகையிலைப் புகையிலும் வரும், உணவிலும் வரும். குடலில் இரும்பு நுழையும் அதே வாசல் வழியாக இதுவும் நுழைகிறது. இரும்புச்சத்து குறைந்தால் உடல் அந்த வாசலை இன்னும் அகலத் திறக்கிறது. கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு போடும் நொதிகளுக்கும் இரும்பு தேவை. ஆக, இரும்புச்சத்து குறைந்த தாய்க்கு இரண்டு பக்கமும் அடி: காட்மியம் கூடும், டிஎச்ஏ செய்வதும் தடைப்படலாம்.