பிள்ளையின் தாளில் ஆசிரியரின் கை

வகுப்புச் சுவரில் முப்பது மீன்கள் ஒட்டியிருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே பக்கம் பார்க்கின்றன, கண்கூட ஒரே இடத்தில்தான். பார்க்க வருகிற பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த மீனை வரைந்தது ஆசிரியர், வெட்டிக் கொடுத்ததும் பெரும்பாலும் ஆசிரியர்தான். கோட்டைத் தாண்டாமல் வண்ணம் நிரப்பியது மட்டுமே பிள்ளைகளின் பங்கு. தொடக்கப் பள்ளியில் ஓவியம், வடிவமைப்பு, இசை என எந்த வகுப்பை எடுத்தாலும் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சிக்கல் இது: பிள்ளை செய்ய வேண்டிய வேலையைப் பெரியவர் செய்துவிடுகிறார். மனம் கெட்டு யாரும் அப்படிச் செய்வதில்லை. நேரம் போதாது, எல்லாம் அலங்கோலமாகிவிடும் என்ற பயம்தான் காரணம். அந்த அலங்கோலத்தில் பெரும்பகுதி, பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுக்காததால் வருவது.

ஏழு வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு கோடு போட்டு நிலம் என்கிறது. மேலே நீலமாக ஒரு பட்டை தீட்டி வானம் என்கிறது. நடுவில் வெறும் வெள்ளை. “வானம் கீழே வரைக்கும் வரும், தீட்டு” என்று உடனே திருத்திவிடுகிறோம். கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் குழந்தை ஓவியத்தின் வளர்நிலைகளை விளக்கியபோது, இந்த அடிக்கோட்டை ஏறத்தாழ 7 முதல் 9 வயது வரையிலான கட்டத்தின் அடையாளமாகக் காட்டினார். வீடும் மரமும் ஆளும் ஒரே நிலத்தில் நிற்கின்றன என்பது பிள்ளைக்குப் புரிந்துவிட்டதற்குச் சாட்சி அது. அதைப் பிழை என்று திருத்தினால், அடுத்த படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் “இது சரியா?” என்று பிள்ளை நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

ஒன்பது, பத்து வயதில் நிலைமை வேறு. படம் நிஜம்போல இல்லை என்று பிள்ளைக்கே தெரிகிறது. “எனக்கு வரைய வராது” என்று சொல்வது இந்த வயதில்தான். இப்போது கற்றுக்கொடுக்க வேண்டியது பார்க்கும் பழக்கம். பழைய ஷூ ஒன்றைப் பக்கவாட்டில் மேசைமேல் வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் பென்சிலைத் தொடாமல், விரலால் காற்றில் அதன் விளிம்பைப் பின்தொடரட்டும். பிறகு கேளுங்கள்: கயிறு எந்தத் துளையிலிருந்து வெளியே வருகிறது? எதன் மேல் போகிறது, எதற்கு அடியில் நுழைகிறது? குதிகால் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? 2பி பென்சில் போதும், முதல் பத்து நிமிடம் ரப்பர் வேண்டாம். தவறான கோடு அப்படியே இருக்கட்டும், சரியான கோடு அதன் பக்கத்தில் வரட்டும். வரைந்து காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தனித் தாளில் காட்டி, மடித்து வைத்துவிடுங்கள். பிள்ளையின் தாளில் நம் பென்சில் படவே கூடாது.

வண்ண வகுப்பு பழுப்புச் சேற்றில் முடிவதற்குக் காரணம் எளிது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பழுப்புதான் வரும். அழுக்குத் தண்ணீரே அந்த மூன்றாவது வண்ணத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். முதல் வாரம் இரண்டே வண்ணம் கொடுங்கள்: மஞ்சளும் நீலமும். தட்டில் மஞ்சளை முதலில் வைத்து, நீலத்தைப் பட்டாணி அளவுக்கும் குறைவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் பச்சை வருவதற்குள் டப்பா காலியாகிவிடும். கழுவ ஒரு கிண்ணம், அலச ஒரு கிண்ணம், பிரஷ்ஷை ஒற்றியெடுக்க ஒரு ஸ்பாஞ்ச். பிறகு சிவப்பையும் நீலத்தையும் கலக்கும்போது ஊதா வரவில்லை என்று பிள்ளைகள் முறையிட்டால் சிவப்பைக் கவனியுங்கள். ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மெஜந்தா பக்கம் சாய்ந்த சிவப்பே ஊதா தரும். நகலெடுக்கும் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாள் ஈரம் பட்டதும் சுருண்டுவிடும், 120-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

வடிவமைப்பு வகுப்பில் அட்டை வண்டி எங்கும் உண்டு; பாதி வண்டிகள் ஓடுவதே இல்லை. சக்கரத்தை அச்சுக்குச்சியோடும், குச்சியை வண்டியோடும் சேர்த்து ஒட்டிவிட்டால் எது சுழலும்? ஒன்றாவது விடுதலையாக இருக்க வேண்டும். வண்டியின் அடியில் ஸ்ட்ராவை ஒட்டி, அதற்குள் குச்சியை நுழைத்து, சக்கரங்களைக் குச்சியோடு மட்டும் ஒட்டினால் ஓடும். வண்டி தள்ளாடினால் துளை நடுவில் இல்லை என்று பொருள். சக்கர அளவில் தாள்வட்டம் ஒன்றை வெட்டி இருமுறை மடித்தால் மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே மையம். இந்தக் காரணங்களை முன்கூட்டியே சொல்லிவிட ஆசையாக இருக்கும். பொறுத்திருங்கள். சாய்வுப் பலகையில் விட்டுப் பார்க்கட்டும்; எது உரசுகிறது என்று பிள்ளைகளே குனிந்து தேடட்டும். இதற்கு இரண்டாவது பீரியட் கட்டாயம் வேண்டும், ஒரே பீரியடில் முடிக்க நினைத்தால் நம் கைதான் உள்ளே போகும். இடக்கைப் பிள்ளைகளுக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கி வையுங்கள். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் வெட்டும் கோட்டை மேல் அலகு மறைத்துவிடும், பிடியின் அழுத்தத்தில் அலகுகளும் விலகும். அந்தப் பிள்ளைக்குக் ‘கைவேலை வராது’ என்று பெயர் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கருவிதான்.

இசையில் ஆசிரியரின் கை கண்ணுக்குத் தெரியாது. அங்கே அது சுருதியாக வருகிறது. நமக்குச் சுகமான சுருதியில் பாடத் தொடங்குகிறோம், பிள்ளைகளுக்கு அது மிகவும் கீழே. ஆறேழு வயதுக் குரலுக்கு 2 கட்டை முதல் 6 கட்டை வரை, அதாவது கீபோர்டில் நடு ‘சி’க்கு மேலுள்ள ‘டி’யிலிருந்து ‘ஏ’ வரை வசதி. அதற்குக் கீழே போனால் பாட்டு பேச்சாகிவிடும், உறுமலாகிவிடும். ஆண் ஆசிரியர் ஒரு ஸ்தாயி (எட்டு ஸ்வர இடைவெளி) கீழே பாடும்போது சில பிள்ளைகள் அந்த ஸ்வரத்தையே எட்டிப் பிடிக்கப் பார்த்துக் குரலை அமுக்கிவிடுகிறார்கள். சுருதியில் நிற்கும் ஒரு பிள்ளையை முதலில் பாடச் சொல்லி, மற்றவர்கள் அதைக் கேட்டுப் பாடினால் பாதிச் சிக்கல் தீரும். “சத்தமாகப் பாடுங்கள்” என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கத்தும்போது பிள்ளைக்குப் பக்கத்துக் குரல் கேட்காது, கேட்காமல் சுருதி சேராது.

தொடக்கத்துக்கு இரண்டே ஸ்வரம் போதும்: ப, அதிலிருந்து இறங்கி அந்தர காந்தாரம், அதாவது ‘க’வின் உயர்ந்த வடிவம். ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் வழிவந்த இசைக் கல்வி தொடங்குவதும் இந்த இறக்கத்தில்தான். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அந்த இரண்டு ஸ்வரத்தில் கூப்பிடுங்கள். “இருக்கேன்” என்று அதே ஸ்வரத்தில் பதில் வரட்டும். வருகைப் பதிவு எடுக்கிற நேரத்திலேயே ஒவ்வொரு குரலையும் தனியாகக் கேட்டுவிடலாம்.

சில பிள்ளைகள் ஒரே ஸ்வரத்தில் கீழேயே நிற்பார்கள். ‘வாயை மட்டும் அசை’ என்று சொல்லி அவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை பிடித்திருக்கிற ஸ்வரத்தை முதலில் நீங்கள் பிடியுங்கள். இரண்டு குரலும் ஒன்றாவதை அது கேட்க வேண்டும், பலருக்கு அதுவே முதல் முறையாக இருக்கும். பிறகு அரை ஸ்வரம் மேலே போய் நில்லுங்கள், பிள்ளை வந்து சேரும் வரை.