சில்லுத்தடமும் அடம்பன் கொடியும்

கரையோரத் தாவரங்களைக் கணக்கெடுப்பது என் வேலை. போன ஆடியில் திருகோணமலை நிலாவெளிக்கு வடக்கே ஒரு மணல் திட்டியில் கட்டைகள் நட்டு, கடற்கரை மணலில் படரும் அடம்பன் கொடியை அளந்துகொண்டிருந்தேன். நாலு சில்லு மோட்டார் சைக்கிள்களான குவாட் பைக்குகள் நாலு திட்டிக்கு மேலால் ஏறி இறங்கின. மறித்து, திட்டியில் ஓட்டவேண்டாம் என்று சொன்னேன். "காத்தடிச்சா தடம் அழிஞ்சிடும்தானே அண்ணை" என்றார் முன்னால் வந்த தம்பி.

தடம் அழியும்தான். ஆனால் அவர்கள் போனபிறகு ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தேன். அடம்பன் படரும் வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் இறக்கும். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்கள்தான். சில்லு ஏறிய இடத்தில் தண்டு நசுங்கிப் பால் வடிந்திருந்தது. அதற்கு அப்பால் கணுக்கள் மணலை விட்டு எழும்பிக் கிடந்தன. அறுந்த துண்டு திரும்ப வேர்விடும், ஈரம் இருந்தால். எங்கள் பக்கம் உல்லாசப் பயணிகள் கூடுவதோ கச்சான் காற்று காய்ச்சுகிற வைகாசி முதல் ஆவணி வரை. மழை ஐப்பசியில்தான்.

"திட்டியில் ஏறவில்லை, ஈரமணலில்தான் ஓடுகிறோம்" என்பார்கள் சிலர். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. ஈரமணல் ஒடுங்கிய ஒரு பட்டிதான்; அலை வந்தால் பைக் தானாக மேலே ஏறும். அந்த மேல்மணலில்தான் கடலாமை குழி தோண்டி நூறளவில் முட்டையிடும். பொரிக்க இரண்டு மாதம் செல்லும். குஞ்சு என் பெருவிரல் நீளம்கூட வராது. ஒரு தடத்துக்குள் கையை நட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரை இறங்கியது. அதற்குள் விழுந்த குஞ்சு கடலுக்குப் போகாமல் தடத்தோடேயே ஓடும். விடிந்தால் காகம், நாய்.

கடலாமைக்கும் முட்டைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். பைக்கில் வருகிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? வாடகைக்குக் கொடுக்கிறவர்தான் சொல்லவேண்டும்.

கரைவலைக்கு வரும் உழவு இயந்திரமும் மணலில்தானே ஓடுகிறது என்று கேட்பீர்கள். ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே வழியால் போய் அதே வழியால் திரும்பும். பைக்குக்கும் அப்படி ஒரு வழி குறித்துக் கொடுத்தால் எனக்குச் சண்டையில்லை. கொடி தொடங்கும் இடத்தில் இறங்கி நடக்கட்டும்.

மார்கழியில், வாடைக்கடல் அடித்து ஓய்ந்த ஒரு காலை, திரும்பப் போனேன். கொடி மூடியிருந்த பக்கத்தில் கட்டைகள் மூன்றும் நின்றன. தடம் விழுந்த பக்கத்தில் ஒன்றைத்தான் கண்டேன், அதுவும் சரிந்து கிடந்தது.